கரும்புத் தீவின் தமிழர் – பகுதி 6: இடாப்பில் ஏறாத பெயர்கள்

இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற கடைசிக் கப்பல் 1889 ஜனவரியில், கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப் தீவை அடைந்ததோடு சென்ற பகுதி நின்றது. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டுச் சுமார் 87,000 பேர் விடுதலை பெற்றதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளின்றித் தவித்ததும், அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் திரட்டப்பட்டதும், 1854 டிசம்பர் 24ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டோரை முதன்முதலாக அத்தீவில் இறக்கியதும், 1861இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரித்தானிய இந்தியாவிலும் ஆள்திரட்ட வழி திறந்ததும் முந்தைய பகுதிகளில் விரிவாகச் சொல்லப்பட்டன.

முப்பத்தைந்து ஆண்டுகளில் போனவர்கள் சுமார் 42,000 பேர். ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் அந்த மண்ணிலேயே மாண்டனர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றி முறைப்பாடுகள் குவிந்ததால் 1888இல் பிரித்தானிய இந்திய அரசே இந்த ஆளனுப்பலை நிறுத்தியது.

கப்பல்கள் நின்றன, பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். தீவிலே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் காணாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைகள் யாருடைய குடிகள் என்னும் வழக்கே இந்த வாரத்துக் கதை.

தீவும் மாவட்டமும்

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பிலுள்ள குவாதலூப், அதைச் சேர்ந்த சிறு தீவுகளையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 1,630 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இலங்கையின் மலையகத்தில் 1,741 சதுர கிலோமீட்டர் கொண்ட நுவரெலியா மாவட்டத்தைவிடவும் அது சற்றுச் சிறியது. உப்பாறு எனப்படும் ஒடுங்கிய கடற்கால்வாய் ஒன்று நடுவில் ஓடி அதை இரண்டாகப் பிரிப்பதால், வரைபடத்தில் அதை வண்ணத்துப்பூச்சி வடிவமாகக் காட்டுவது சுற்றுலாக் கையேடுகளின் நீங்காத பழக்கம்.

கிழக்குப் பாதியான கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல் தளத்தில் அமைந்த தாழ்நிலம். கரும்பு வயல்களும் வெண்மணற் கரைகளும் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. மேற்குப் பாதியான பாஸ்-தேர் எரிமலையால் உருவான மலைநாடு. அதன் உச்சியான சூஃப்ரியேர் 1,467 மீட்டர் உயரம் கொண்டு, இன்றும் கந்தக ஆவியைக் கக்கியபடி நிற்கிறது. 1976இல் அது குமுறத் தொடங்கியபோது 70,000க்கு மேற்பட்ட மக்கள் மாதக்கணக்கில் வீடுவாசலைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

அந்த மலையின் கிழக்குச் சரிவில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி கிடக்கும் சிற்றூர் கப்பெஸ்தேர். அதற்கு மேலேயுள்ள கார்பே அருவி மூன்று கட்டங்களாக விழுகிறது. 1493 நவம்பரில் தீவை நெருங்கிய கொலம்பசு கடலில் இருந்தே மலையில் விழும் நீரைக் கண்டதாகச் சொல்வார்கள். அருவியின் இரண்டாம் கட்டம் 110 மீட்டர். நுவரெலியா மாவட்டத்து நோட்டன் பிரிட்ஜ் மக்கள் நன்கறிந்த அபர்தீன் அருவியோ 98 மீட்டர்.

இரு பக்கமும் மேகம் மோதும் சரிவுகள், ஆண்டு முழுவதும் ஈரம் காயாத மண். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து நீரை 1950இல் லக்சபான நிலையமும், 1965இல் விமலசுரேந்திர நிலையமும் மின்சாரமாக்கின. கப்பெஸ்தேர்ப் பக்கத்து நீர் அதற்கு வெகுகாலம் முன்பே கரும்பாலைச் சக்கரங்களைச் சுழற்றியது. ஆலைகள் ஓய்ந்த பின் அங்கே வாழைத் தோட்டங்கள் பரவின. குலைகளைப் பூச்சியிலிருந்து காக்க அவற்றுக்கு நீலநிறப் பிளாஸ்டிக் உறை மாட்டுவது வழக்கமாதலால், இன்று அந்தச் சாலையில் போகிறவருக்கு மலைச்சரிவெங்கும் நீலப் பைகள் தொங்குவது தெரியும்.

இந்தச் சிற்றூரில்தான் 1863இல் ஹென்றி சிதம்பரம் பிறந்தார்.

கைப்புத்தகமும் துண்டும்

அவருடைய பெற்றோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அந்தத் தலைமுறையின் வாழ்க்கை ஐந்தாண்டு ஒப்பந்தத்தால் கட்டப்பட்டது. குடியிருக்கக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் முன்னாள் அடிமைகள் இருந்த குடிசை வரிசைகளே. அவற்றுக்குப் பிரெஞ்சில் ‘காஸ்’ என்று பெயர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழுந்த மலையகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லயத்தையும்விட நெருங்கிய ஒற்றுமை காகிதத்தில் இருந்தது. குவாதலூப்பில் ஒவ்வொரு தொழிலாளியும் ‘லிவ்ரே’ எனப்படும் கைப்புத்தகத்தை வைத்திருக்க வேண்டும். யாரிடம் வேலை, எதுவரை ஒப்பந்தம் என்ற விவரங்களை அதில் முதலாளி எழுதுவார். அது கையில் இல்லாதவர் நாடோடியாகக் கருதப்பட்டுத் தண்டனைக்கு ஆளாகலாம்.

இலங்கையில் அதே வேலையைத் ‘துண்டு’ செய்தது. தொழிலாளி பட்ட கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாக ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது, கடன் தீராமல் விடுதலை கிடைக்காது, கங்காணியின் கணக்கில் கடன் தீருவதும் அபூர்வம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மலையகத்துத் தொழிலாளியின் காலில் கிடந்த விலங்கு அந்தச் சீட்டுத்தான்.

வேறுபாடு தூரத்தில் இருந்தது. தலைமன்னாருக்கு வந்து மலையேறியவர்கள் சாவுக்கும் சடங்குக்கும் ஊர் போய்வர முடிந்தது. கேப் முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் கழித்துக் குவாதலூப் போனவர்களுக்குத் திரும்பும் கப்பல் கனவாகவே இருந்தது. திரும்பும் பயணம் ஒப்பந்தப்படி இலவசம். எனினும் கப்பல் வராது, வந்தால் இடமிருக்காது, காத்திருக்கும் காலத்தில் வயிற்றுக்காக இன்னொரு ஒப்பந்தத்தில் கைநாட்டு விழும்.

ஆகவே அவர்கள் தங்கினார்கள். பிறப்பைப் பதியும் எழுத்தர் பிரெஞ்சுக் காதால் கேட்டதை எழுதியதால், முத்துசாமி ‘முத்துசாமி’யாகவே ஏறத்தாழ நின்றாலும் வேறு பல பெயர்கள் அடையாளம் தெரியாமல் உருமாறின. பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்து முன்பெயராக ஹென்றியையோ எர்னஸ்ட்டையோ சேர்த்தார். அப்படித்தான் ஹென்றி சிதம்பரம் என்ற பெயர் உண்டாயிற்று.

பிறந்த மண்ணின் சட்டம்

கடைசிக் கப்பல் வந்த அதே 1889ஆம் ஆண்டு ஜூன் 26இல், பிரான்சு புதிய குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிரெஞ்சு மண்ணில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, பராய வயது அடையும்போது அங்கேயே குடியிருந்தால், தானாகவே பிரெஞ்சுக் குடிமகன் ஆகும். வேண்டாமென்றால்தான் அதைக் குறித்த காலத்துக்குள் எழுதி மறுக்க வேண்டும்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 1870இல் ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்சுக்குப் படைக்கு ஆள் தேவைப்பட்டது. எல்லையோரப் பட்டணங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ‘வெளிநாட்டவர்’ என்று சொல்லிக் கட்டாயப் படைச் சேவையிலிருந்து நழுவிய இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வது அச்சட்டத்தின் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. அதை இயற்றியவர்கள் கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியோன் ஆகிய மூன்று பழைய குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வாசகத்தைச் சிதம்பரம் இறுகப் பற்றிக்கொண்டார்.

அவர் அப்போது கப்பெஸ்தேரில் வணிகராகவும் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராகவும் அறியப்பட்டவர். தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறையிலேயே ஒருவர் பிரெஞ்சில் மனு எழுதவும், சட்டப் பிரிவை எண்ணோடு எடுத்துக்காட்டவும் தேர்ந்திருந்தார் என்பது தீவின் நிர்வாகத்துக்கு எதிர்பாராத செய்தி.

1904 பெப்ரவரி

பிரெஞ்சு நடைமுறைப்படி வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் முதல் மூன்று மாதங்களில் திருத்தப்படும். மார்ச் முடிவில் அது மூடப்பட்டால், விடுபட்டவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். 1904 நகராட்சித் தேர்தல் ஆண்டும் ஆகும். எனவே அந்த ஆண்டின் இடாப்பில் ஏறும் ஒவ்வொரு பெயரும் வரும் மே மாதத்தில் ஒரு வாக்காகக் கூடியது.

சிதம்பரம் செய்தது எளிமையான காரியம். தீவில் பிறந்து வயது வந்த இந்திய வம்சாவளியினரின் பெயர்களை இடாப்பில் பதியச் செய்தார். கூட்டம் கூட்டவில்லை, தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தவில்லை, சட்டம் குடிமக்கள் என்று சொல்பவர்களைக் குடிமக்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றதைத் தவிர அவர் எதையும் கோரவில்லை.

ஆளுநர் த லா லுவாயேர் அதைத் தடுத்தார். இந்தியர் பிரித்தானியப் பேரரசின் குடிகள். அவர்களைக் கொண்டுவந்ததே இரண்டு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை. ஆகையால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த இடாப்பில் இடமில்லை என்பது நிர்வாகத்தின் வாதமாயிற்று.

இந்த வாதத்தின் முரண் அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். கரும்பு வெட்டும்போது அந்தத் தொழிலாளி தோட்டத்தின் ஆள். நோயில் விழுந்தால் ஒப்பந்தத்தை மீறியவர். வாக்களிக்க வரும்போது மட்டும் அவர் வேறொரு மன்னரின் குடி. மறுபக்கத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் 1871 முதல் தொடர்ந்து பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்து அனுப்பிவந்தன. காரைக்காலில் தங்கிவிட்ட அண்ணன் வாக்குச்சீட்டுப் போட, அங்கிருந்து கப்பலேறிய தம்பியின் மகன் குவாதலூப்பில் அந்நியனாக நின்றான்.

தடுத்தவர் ஆளுநர் ஒருவர்தாம் என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. தீவின் கறுப்பின மக்களும் அவர்களின் தலைவர்களும் நெடுங்காலமாக இந்தியக் குடியேற்றத்தை எதிர்த்தே வந்தனர். விடுதலை பெற்ற தொழிலாளி நியாயமான கூலி கேட்டு நின்ற வேளையில், பொதுப்பணத்தையும் செலவழித்துக் குறைந்த கூலிக்கு ஆள் இறக்கி அவனுடைய பேரத்தை முறித்தவர்கள் முதலாளிகள். ஆனால் கண்ணெதிரே நின்றவன் இந்தியத் தொழிலாளி. கோபம் கண்ணெதிரே நின்றவன் மேல் விழுந்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவருக்கும் தோட்டத் தமிழருக்கும் நடுவில் வளர்ந்த கசப்பின் வேரும் ஏறத்தாழ இதுவே. கிராமத்தின் நிலத்தை எடுத்தவர் வேறு, பழி சுமந்தவர் வேறு.

பத்தொன்பது ஆண்டுகள்

வழக்கு இழுபட்டது. பத்தொன்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை; 1904இல் பிறந்த குழந்தை அது முடியும்போது தானே பராய வயதை நெருங்கியிருப்பான்.

அந்த இடைவெளியில் உலகம் மாறியது. 1913 முதல் குவாதலூப்பை உள்ளிட்ட அண்டிலிசுத் தீவுகளில் கட்டாயப் படைச் சேவை நடைமுறைக்கு வந்தது; அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டு, தீவின் இளைஞர்கள் ஐரோப்பியப் போர்க்களங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சிதம்பரத்தின் வழக்கில் வாக்குரிமையும் படைக்கடமையும் இணைந்து நின்றன. உரிமையை மட்டும் கேட்டால் சலுகை கோருகிறார்கள் என்ற பழி வரும். கடமையையும் சேர்த்துக் கேட்டவரை அப்படிச் சொல்லித் தள்ளுவது எளிதன்று. சட்டத்தின் பிறப்புக்குக் காரணமே படைக்கு ஆள் சேர்ப்பது என்பதை அவர் நன்கு புரிந்துகொண்டிருந்தார் என்றே கருத வேண்டும்.

1923 ஏப்ரல் 21. பிரதமர் ரைமோன் புவாங்காரேயின் அரசு முடிவை அறிவித்தது: குவாதலூப்பில் பிறந்த இந்தியரின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள், பிற குடிமக்களுக்குள்ள அரசியல் உரிமைகளும் படைக்கடமையும் அவர்களுக்கும் உண்டு. புவாங்காரே அப்போது வெளிவிவகார அமைச்சையும் தம்மிடமே வைத்திருந்தவர். வேறு நாட்டின் குடிகள் என்று ஆளுநர் ஒதுக்கியவர்களை, வேறு நாடுகளோடு உறவாடும் பொறுப்பைக் கையில் வைத்திருந்தவரே தம் நாட்டவர் என்று ஏற்றார்.

வழக்கைத் தொடங்கியபோது நாற்பது வயதான சிதம்பரத்துக்கு அப்போது ஏறத்தாழ அறுபது. அதன்பின்னும் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்து 1952இல் அவர் காலமானார்.

அதே 1952, இங்கே

1952 என்ற ஆண்டைக் கேட்டால் மலையகத்து முதியவர்களுக்கு நினைவுக்கு வருவது சத்தியாக்கிரகம். இலங்கை இந்தியன் காங்கிரசு, வாக்குரிமை பறிபோனதை எதிர்த்து அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் தொடங்கிப் பல மாதங்கள் நடத்திய அறப்போராட்டம் அது. குவாதலூப்பில் வாக்கு வாங்கித்தந்தவர் கண்மூடிய ஆண்டில், மலையகத் தமிழர் வாக்கின்றி ஒரு பொதுத்தேர்தலைப் பார்த்து நின்றனர்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டினால் போதும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளோடு என்றாலும், தோட்டத் தொழிலாளரில் பெரும் தொகையினர் இடாப்பில் ஏறினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நோட்டன் பிரிட்ஜை அடுத்த மஸ்கெலியாத் தொகுதியில் ஜி.ஆர். மோத்தா வென்றார். இன்னும் பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளைக் கரைசேர்த்தன.

அந்தக் கணக்கு ஆட்சியாளரை அச்சுறுத்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவரின் பெயரை இடாப்பிலிருந்து நீக்கியது.

இங்கே சற்று நிற்க வேண்டும். தந்தை இங்கே பிறந்தவர் என்று பலரால் சொல்ல முடிந்தது, காட்ட முடியவில்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, செக்ரோல் என்னும் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் ஏறி, அதே தோட்டத்து மண்ணில் புதைக்கப்பட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? குவாதலூப்பின் எழுத்தர் பெயரைச் சிதைத்து எழுதினார்; எனினும் எழுதினார். அந்தச் சிதைந்த எழுத்தே பிற்காலத்தில் குடியுரிமைக்குச் சான்றாயிற்று.

கொடகன்பிள்ளை வழக்கு

இலங்கையிலும் ஒருவர் இடாப்பைத் தேடிப் போனார். ருவன்வெல்லத் தொகுதியில் தம் பெயரைப் பதியக் கோரிய கொடகன்பிள்ளையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி மேன்முறையீட்டில் அவர் பக்கம் முடிவு சொன்னார். உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு, அதாவது பேரரசின் இறுதி மேன்முறையீட்டு மன்றத்துக்குப் போயிற்று.

அவர் பற்றிக்கொண்டதும் ஒரு வாசகத்தைத்தான். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத பாதகத்தை ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று தடுத்திருந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் சுமை எந்தச் சமூகத்தின் தலையில் இறங்கியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எழுத்தைப் பார்ப்பதா, விளைவைப் பார்ப்பதா?

1953இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம். வேண்டியவர்கள் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வழிவிட்டிருக்கிறது. ஆகவே 29ஆம் பிரிவு மீறப்படவில்லை. கொடகன்பிள்ளை தோற்றார்.

இருவரும் ஒரே கதவைத்தான் தட்டினார்கள். ஒருவருக்குத் திறந்ததும் மற்றவருக்கு மூடியதும் நீதிமான்களின் நல்லெண்ணத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. சிதம்பரத்தின் பின்னால் நின்ற மக்கள் சிறு தொகையினர். அவர்களின் வாக்கால் பாரிஸில் எந்த அரசும் கவிழப்போவதில்லை. மேலும் அந்த அரசுக்குப் படைவீரர் வேண்டியிருந்தனர். கொடகன்பிள்ளையின் பின்னால் நின்றவர்களோ தொகுதிகளின் முடிவையே மாற்றக்கூடிய எண்ணிக்கையினர். இலங்கை அரசுக்கு அவர்களின் கை தேவைப்பட்டது, வாக்கு தேவைப்படவில்லை. பிறப்பை அடிப்படையாகக் கொண்ட சட்டத்துக்கும் வம்சத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டத்துக்கும் உள்ள தூரத்தைவிட, இந்த எண்ணிக்கையின் தூரமே பெரிது.

அதன் பிறகான மலையகக் கதை தெரிந்ததே. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எழுதி, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டது. இறுதி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவிழ்ந்தது. குவாதலூப்பின் பத்தொன்பது ஆண்டுகளுக்கு இங்கே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

நடுவில் ஒரு சிறு பொருத்தம் உண்டு. 1947க்குப் பின் பொதுத்தேர்தலில் வென்ற முதல் மலையகத் தமிழ்ப் பிரதிநிதியாகச் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1981இல், எர்னஸ்ட் முத்துசாமி என்னும் எழுத்தாளர் குவாதலூப்பின் உறுப்பினராகப் பாரிஸ் தேசிய சபையில் அமர்ந்து, 2002வரை அங்கிருந்தார்.

ஷாங்கிக் கோயில்

இன்று கப்பெஸ்தேருக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து குளிர்காலத்தில் வருபவர்கள். 1946 முதல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆளப்படுவதால் கடவுச்சீட்டுக் கெடுபிடியோ பணமாற்றுத் தொல்லையோ அவர்களுக்கு இல்லை. காலையில் கார்பே அருவி, நடுப்பகலில் அரசப் பனைகள் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் துய்மனுவார் சாலை, மாலையில் கடற்கரை என்பது வழக்கமான ஒழுங்கு. ஊருக்கு வெளியே ஷாங்கி என்னுமிடத்தில் பெருஞ்சாலையோரம் நிற்கும் தென்னிந்தியப் பாணிக் கோயிலின் வண்ணச் சிற்பங்களைப் படம்பிடிக்க வண்டிகள் சற்று நிற்கும்.

கையேடுகள் அந்தக் கோயிலை வண்ணமயமானது என்று எழுதுகின்றன. அட்டன் பக்கத்துச் சுற்றுலா விளம்பரத்தில் கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணின் சிரிப்பு இருக்கும், அவள் குடியிருக்கும் லயம் இருக்காது. இரண்டும் ஒரே அச்சகத்து வேலை.

கோயிலுக்குள் போனால் மாரியம்மன் ‘மலியேமின்’ ஆகவும், மதுரைவீரன் ‘மால்தேவிலின்’ ஆகவும், நாகூர் ஆண்டவர் ‘நாகூமிலா’ ஆகவும் அழைக்கப்படுவதைக் கேட்கலாம். காரைக்கால் துறையில் ஏறியவர்கள் கடற்பயணத்துக்குக் காவலாக நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டு போனார்கள். அவருக்காக நட்ட கம்பமும் கொடியும் இந்துக் கோயில் முற்றத்திலேயே நிற்கின்றன. ஆட்டுக்கிடா வெட்டு உண்டு. தப்பு உண்டு, தாளம் உண்டு. இரவு முழுவதும் ஆடும் ‘நாத்ரோன்’ என்னும் கூத்தும் இருந்தது. ரோதைமுனிக்குப் பொங்கல் வைத்து, மாசியில் காமன் கூத்து ஆடும் மலையகத் தோட்டத்திலிருந்து ஒருவர் அங்கே போய் நின்றால், அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் பூசாரியிடம் அவர் தமிழில் பேசினால் பதில் கிரெயோலில் வரும். பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த அந்தத் தீவு மொழிதான் வீட்டிலும் சந்தையிலும். பள்ளியில் பிரெஞ்சு. தமிழோ, பொருள் தெரியாமல் பாடப்படும் வழிபாட்டுப் பாடல்களில் மட்டும் எஞ்சியது.

நாடற்றவர் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்ட மலையகத்தில் தமிழ் பேச்சாகவும் பள்ளிக்கூடமாகவும் நாளிதழாகவும் நின்றது. 1923இல் முழுக் குடிமக்களாக ஏற்கப்பட்ட குவாதலூப்பில் அது அடுத்த இரு தலைமுறைகளுக்குள் நாவைவிட்டு நீங்கியது. பிரெஞ்சுப் பள்ளிதான் அதைத் துரத்தியதா, கடல் தொலைவும் வரத்து நின்றதும் உலர்த்தினவா, அல்லது அந்நியர் என்ற பழியை மீண்டும் கேட்க அஞ்சிய பெற்றோரே பிள்ளைகளின் காதில் விழாமல் அதை நிறுத்திக்கொண்டார்களா? அப்படியானால், பொருள் மறந்த பின்னும் மாரியம்மன் பாடல்களை அடியடியாகக் காத்து அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்த பூசாரிகள் யாரிடம் கற்றார்கள்?

(தொடரும்)